மலையில் செய்த லிப் பாம் மேட்டுப்பாளையத்தில் உருகாமல் இருக்க வேண்டுமா?

கோத்தகிரியில் ஜனவரி காலை ஆறு மணிக்குத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது. அதே பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி மதியம் மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் தண்ணீராக ஓடும். நடுவில் 33 கிலோமீட்டர்தான். நம் ஊரில் லிப் பாம் செய்யப் பழகுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான், ஆனால் செய்முறை சொல்கிற யாரும் இதைச் சொல்வதில்லை.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. முதல் வருடம் மார்ச் மாதத்தில் கோவையில் ஒரு கடைக்கு 40 டப்பா கொடுத்தேன். இரண்டாவது வாரமே போன் வந்தது: அலமாரியில் எண்ணெய் கசிந்து லேபிள் எல்லாம் ஊறிவிட்டது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று. பயந்துபோய் அடுத்த முறை மெழுகை அள்ளிப் போட்டேன். அதைப் பக்கத்துத் தோட்டத்தில் இலை பறிக்கிற அக்காமார்களிடம் கொடுத்தால், "கண்ணு, காலையில இது கல்லு மாதிரி இருக்கு, நகத்தால சுரண்டித்தான் எடுக்கணும்" என்றார்கள். பனிக்காற்றில் உதடு வெடித்து ரத்தம் வருகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கே பயன்படாவிட்டால் நான் எதற்கு இதைச் செய்கிறேன் என்று தோன்றியது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அளந்து, எழுதி, சோதித்துக் கண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் அந்த ஒரு வருடத்தைச் செலவழிக்க வேண்டாம்.

1. அடுப்புக்கு முன்னால் ஒரு நோட்டும் ஒரு தராசும்

கரண்டிக் கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். "மெழுகு ஒரு கரண்டி, எண்ணெய் மூன்று கரண்டி" என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். துருவிய மெழுகு பஞ்சு மாதிரி காற்றோடு கரண்டியில் உட்காரும், எண்ணெய் முழு எடையோடு உட்காரும். பிறகு எடை போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கால் பங்கு என்று நான் நினைத்த மெழுகு உண்மையில் 12 சதவீதம்தான் இருந்தது. கோவையில் உருகியதற்குக் காரணம் அதுதான்.

0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு 600 ரூபாய்க்குள் கிடைக்கும். கம்பி வைத்த சமையல் தெர்மாமீட்டர் 350 ரூபாய். ஒரு கனமான எவர்சில்வர் டம்ளர், அது உட்காரும் அளவுக்கு ஒரு பாத்திரம், இது இரண்டும் வீட்டில் இருக்கும். இந்த வேலைக்கென்று தனியாக ஒதுக்கிவிடுங்கள், மெழுகு ஒட்டினால் எளிதில் போகாது.

நோட்டில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு பேட்ச் எண், தேதி, அன்றைய அறை வெப்பம், ஒவ்வொரு பொருளின் எடை, எந்தக் கடை, எந்தத் தேதி பில், எந்த வெப்பத்தில் ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். பில்லை அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வீட்டு உபயோகத்துக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றும். ஒருவருக்கு உதடு அரித்தால் எந்த எண்ணெயால் வந்தது என்று தேட இந்த நோட்டைத் தவிர வேறு வழி கிடையாது. பின்னால் விற்கப் போனாலும் முதலில் கேட்கப்படும் காகிதம் இதுதான்.

2. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

தேன்மெழுகு, கோகம் வெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், பாதாம் எண்ணெய், வைட்டமின் ஈ எண்ணெய். அவ்வளவுதான்.

தேன்மெழுகுக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டாம். குறும்பர், இருளர் மக்கள் எடுக்கிற மலைத்தேனின் மெழுகு கோத்தகிரியிலேயே கிடைக்கிறது. ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது, லாஸ்ட் ஃபாரஸ்ட் கடையும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். நான் கடைசியாக வாங்கியது கிலோ 900 ரூபாய். ஆன்லைனில் முத்து முத்தாக வெள்ளையாக வருகிற மெழுகில் பாரஃபின் (பெட்ரோலிய மெழுகு) கலந்திருக்க வாய்ப்பு உண்டு. நல்ல தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும். தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு மெதுவாகச் சூடாக்குங்கள், 55 டிகிரியிலேயே முழுதும் தண்ணீராகிவிட்டால் அது வெறும் தேன்மெழுகு இல்லை. ஒரு துணுக்கை வாயில் போட்டு மெல்லவும் செய்யலாம்: நல்ல மெழுகு பிசினாகும், தூளாக உதிராது, பல்லிலும் ஒட்டாது.

ஷியா வெண்ணெய் (ஆப்பிரிக்க மரக்கொட்டையின் கொழுப்பு) வேண்டாமா என்று கேட்பீர்கள். நல்ல பொருள்தான், ஆனால் மெதுவாக ஆறினால் ரவை ரவையாகக் கட்டிக்கொள்ளும். ஊட்டியிலிருந்து கோவைக்கும் கோவையிலிருந்து ஊட்டிக்கும் ஒரு டப்பா நான்கு முறை போய் வந்தால் அத்தனை முறையும் உருகி உறையும், அப்புறம் உதட்டில் மணல் தேய்ப்பது போல இருக்கும். கோகம் வெண்ணெய் கெட்டியானது, 38 முதல் 40 டிகிரியில்தான் உருகும். மேற்குத் தொடர்ச்சி மலை மரத்தின் விதையிலிருந்து வருவது. கிலோ 1,600 ரூபாய் கணக்கில் 200 கிராம் பாக்கெட் வாங்கினேன்.

100 கிராம் செய்ய எனக்கு ஆனது: மெழுகு 18 ரூபாய், கோகம் 24, தேங்காய் எண்ணெய் 13, விளக்கெண்ணெய் 6, பாதாம் எண்ணெய் 23, வைட்டமின் ஈ 5. மொத்தம் 89 ரூபாய். அதில் 8 கிராம் டப்பா 11 அல்லது 12 வரும். அலுமினிய டப்பா ஒன்று 14 ரூபாய், லேபிள் 3 ரூபாய். ஆக, உள்ளே இருக்கிற பொருளைவிட டப்பாதான் விலை. பிளாஸ்டிக் டப்பா பாதி விலைக்குக் கிடைக்கும், வாங்காதீர்கள். ஒரு தடவை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்கை வெளியேற்ற நம் மாவட்டம் எவ்வளவு பாடுபடுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

3. தண்ணீர் உள்ள எதையும் உள்ளே விடாதீர்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். பீட்ரூட் சாறு, கற்றாழை ஜெல், பன்னீர், தேன், எலுமிச்சைச் சாறு, புதிதாக அரைத்த புதினா, எதுவும் வேண்டாம்.

பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. நெய்யில் பீட்ரூட்டைப் போட்டுக் காய்ச்சி எடுப்பதை வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். அந்த டப்பாவை மூன்று வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். சாறு அடியில் திட்டுத் திட்டாகப் பிரிந்திருக்கும், அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தேனும் அப்படித்தான், எண்ணெயோடு சேராமல் அடியில் தங்கும். தண்ணீரே இல்லாத லிப் பாமில் கிருமி வளர்வது கடினம், அதனால்தான் நமக்குத் தனியாகப் பதப்படுத்தும் ரசாயனம் தேவைப்படுவதில்லை. ஒரு ஸ்பூன் கற்றாழை சேர்த்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வைட்டமின் ஈ இருக்கிறதே என்பார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தள்ளிப்போடும், கிருமியை ஒன்றும் செய்யாது.

சிவப்பு வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் வேம்பாளம் பட்டை வாங்குங்கள். நம் பாட்டிகள் தலைக்கு எண்ணெய் காய்ச்சப் போடுவார்களே, அதுதான். அதன் நிறம் எண்ணெயில் அழகாக இறங்கும்.

4. நீலகிரித் தைலம் லிப் பாமுக்கு இல்லை

ஊட்டியிலும் குன்னூரிலும் தைலக் கடைக்குப் போனால் வரிசையாகப் பாட்டில்கள் இருக்கும்: யூகலிப்டஸ், வின்டர்கிரீன், லெமன்கிராஸ், கிராம்பு. நம் ஊர்ப் பெருமை என்று நானும் முதலில் யூகலிப்டஸ் சேர்த்தேன். தப்பு. உதட்டில் போடுகிற எதுவும் கொஞ்சமாவது வயிற்றுக்குள் போகும். வின்டர்கிரீன் எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட் என்ற ரசாயனம், கொஞ்சம் விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு ஆபத்து. யூகலிப்டஸும் விழுங்கக் கூடாதது. முட்டி வலிக்கும் சளிக்கும் அவை இருக்கட்டும்.

புதினா, கற்பூரம், மென்தால் போட்டால் குளிர்ச்சியாக இருக்கும், வெடித்த உதட்டில் எரியும். உதட்டை நக்கத் தூண்டும், நக்கினால் இன்னும் காயும். பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தோல் எண்ணெய் வெயில் பட்டால் தோலைக் கருக்கிவிடக் கூடியது, நம் உயரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நான் இப்போது வாசனைக்கு எதுவுமே சேர்ப்பதில்லை. நல்ல மலைத்தேன் மெழுகுக்கே ஒரு வாசனை உண்டு, அது போதும்.

5. மூலிகையை எப்போது காயவைப்பது, எப்படி ஊறவைப்பது

நான் போடுவது இரண்டுதான், ரோஸ்மேரி இலையும் காலெண்டுலா பூவும் (சாமந்தி மாதிரி இருக்கும்). இரண்டும் வீட்டு வாசலில் வளர்வது. காட்டுக்குள் போய் எதையும் பறித்து வராதீர்கள், சோலையில் இருப்பது சோலைக்கே.

காலம் முக்கியம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, மூடுபனி. அப்போது துணியே காயாது, பூ எப்படிக் காயும்? வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், காம்புக்குள் ஈரம் நிற்கும். நான் இரண்டு நவம்பர்களில் எண்ணெயைப் பாழாக்கியபிறகுதான் ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் காயவைப்பது என்று வைத்துக்கொண்டேன். நிழலில், காற்றோட்டத்தில், பத்து நாள். விரலில் எடுத்து நசுக்கினால் சத்தத்தோடு நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் காயட்டும். அந்த மூன்று மாதத்தில் வருடத்துக்குத் தேவையானதைக் காயவைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துவிடலாம்.

காய்ந்த மூலிகை 20 கிராம், எண்ணெய் 100 கிராம். டம்ளரில் எண்ணெயும் மூலிகையும் போட்டு, அதைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். 50 முதல் 60 டிகிரிக்குள் மூன்று மணி நேரம். நம் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், அதனால் பாத்திரத் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்து வெப்பத்தைக் கணக்குப் போடாமல் தெர்மாமீட்டரைப் பாருங்கள். இலை பொரிந்து வறுத்த வாசனை வந்தால் அதிகமாகிவிட்டது.

பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். கடைசிச் சொட்டு வரை பிழிய ஆசை வரும், பிழிந்தால் தூளும் ஈரமும் சேர்ந்து வரும். எண்ணெயைக் கதகதப்பான இடத்தில் ஒரு ராத்திரி வைத்து, மேலாக மட்டும் ஊற்றி எடுத்து, அடியில் தங்கிய கால் அங்குலத்தை விட்டுவிடுங்கள்.

வேம்பாளம் பட்டைக்கு மூன்று மணி நேரம் தேவையில்லை. 100 கிராம் எண்ணெய்க்கு 2 கிராம் போட்டால் இருபது நிமிடத்தில் நிறம் இறங்கிவிடும்.

6. மெழுகைச் சுத்தம் செய்வது

மலைத்தேன் மெழுகில் தேன், மகரந்தம், தேனீயின் கால் எல்லாம் இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் (இரும்பு வேண்டாம், கறுத்துவிடும்) தண்ணீரோடு சேர்த்து உருக்கி, துணியில் வடித்து, அப்படியே ஆறவிடுங்கள். மெழுகு மேலே வட்டாக உறையும். வட்டைத் திருப்பி அடியில் ஒட்டிய அழுக்கைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். இன்னொரு முறை இதையே செய்யுங்கள். பிறகு துடைத்து இரண்டு நாள் காற்றில் காயட்டும், ஏனென்றால் வட்டுக்குள் தண்ணீர் முத்து முத்தாக மாட்டியிருக்கும். அரை கிலோ அழுக்கு மெழுகில் எனக்கு 400 கிராம் பக்கத்தில் தேறும், விலையைக் கணக்கிடும்போது இந்தச் சேதாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. மலைக்கு ஒரு அளவு, கீழே ஒரு அளவு

மலைக்கு, 100 கிராமில்: மெழுகு 20, கோகம் 15, மூலிகை ஊறிய தேங்காய் எண்ணெய் 25, விளக்கெண்ணெய் 20, பாதாம் எண்ணெய் 19, வைட்டமின் ஈ 1.

சமவெளிக்கு: மெழுகு 26, கோகம் 20, மூலிகை ஊறிய தேங்காய் எண்ணெய் 15, விளக்கெண்ணெய் 20, பாதாம் எண்ணெய் 18, வைட்டமின் ஈ 1.

இரண்டுக்கும் நடுவே 23 மெழுகு வைத்து ஒரே டப்பாவாகச் செய்தால் எல்லா இடத்துக்கும் ஆகாதா என்று நானும் பார்த்தேன். ஊட்டியில் டிசம்பர் காலைக்குக் கெட்டி, திருப்பூரில் மே மதியத்துக்கு இளக்கம். இரண்டு பக்கமும் குறை சொன்னார்கள். தனித்தனியாகச் செய்து மூடியில் வேறு வேறு நிறப் புள்ளி வைத்துவிட்டேன்.

மெழுகையும் கோகத்தையும் முதலில் தண்ணீர்ப் பாத்திரச் சூட்டில் உருக்குங்கள். முழுதும் தெளிந்தபிறகு எண்ணெய்களை ஊற்றுங்கள், குளிர்ந்த எண்ணெய் பட்டதும் மெழுகு திரிதிரியாக உறையும், பயப்பட வேண்டாம், மறுபடி உருகும். 75 டிகிரிக்கு மேல் போக வேண்டியதே இல்லை. இறக்கி, 70 டிகிரிக்குக் கீழே வந்ததும் வைட்டமின் ஈ. 65 டிகிரியில் ஊற்றுங்கள்.

ஊற்றுவதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் அறை 10, 12 டிகிரிதான் இருக்கும், டப்பா பனிக்கட்டி மாதிரி இருக்கும். அதில் ஊற்றினால் ஓரமும் மேலும் சட்டென்று உறைந்து நடுவில் குழி விழும். அழகுக்குக் குறை மட்டுமில்லை, குழிக்கு அடியில் பெரும்பாலும் காற்றுப் பொந்து இருக்கும். டப்பாக்களை ஒரு தட்டில் அடுக்கி, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஐந்து நிமிடம் வைத்துக் கை பொறுக்கும் சூடாக்கிக்கொள்ளுங்கள், ஆனால் உள்ளே ஆவித்துளி விழாமல் மூடியிருக்கட்டும். முழுவதும் ஆறும் வரை, குறைந்தது மூன்று மணி நேரம், மூடிவிடாதீர்கள். மூடினால் உள்ளே வியர்க்கும்.

ஒரு பேட்சுக்கு உருக்கி ஊற்ற ஒரு மணி நேரம் போதும். சோதனைக்குத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

8. வீட்டிலேயே செய்யும் சோதனைகள்

ஊற்றுவதற்கு முன் ஒரு ஸ்பூனை ஃப்ரீசரில் வைத்து, அதில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் உறையும். பிறகு அறைச் சூட்டுக்கு வந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் எண்ணெய், இளகினால் மெழுகு, இப்போதே சரிசெய்யலாம். சேர்த்ததை எடைபோட்டு நோட்டில் எழுதுங்கள்.

வெப்பச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மீன் வருகிற தெர்மகோல் பெட்டி ஒன்று, வெந்நீர் பாட்டில் இரண்டு, உள்ளே தெர்மாமீட்டர். 45 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்து, பாட்டிலை மாற்றிக்கொண்டே இருங்கள். சமவெளிக்கான டப்பா இளகலாம், ஆனால் சாய்த்தால் ஓடக் கூடாது. ஆறியபின் மேலே எண்ணெய் முத்துகள் நிற்கக் கூடாது, ரவை தட்டக் கூடாது.

அப்புறம் ஃப்ரிட்ஜில் ஒரு நாள், 40 டிகிரியில் ஒரு நாள் என்று ஐந்து சுற்று. பெட்டியில் ஒரு நாள் முழுக்க 40 டிகிரி பிடித்து வைப்பது கஷ்டம், தயிர் உறைய வைக்கும் மின்சாரப் பெட்டி இருந்தால் வசதி. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு டப்பாவைத் திறந்து நிறம், வாசனை, தொட்டால் எப்படி என்று எழுதுங்கள். மூன்று மாதம் 40 டிகிரியில் வைத்து ஒரு டப்பா, மூன்று மாதம் சாதாரண அலமாரியில் ஒரு டப்பா என்று ஒப்பிட்டால் சிக்கு வாடை எப்போது தொடங்குகிறது என்பது பிடிபடும். பாதாம் எண்ணெய் பாட்டிலில் உள்ள காலாவதித் தேதியைத் தாண்டி உங்கள் டப்பாவில் தேதி போடாதீர்கள். நான் ஆறு மாதம்தான் போடுகிறேன்.

உண்மையான சோதனை இதுதான்: ஏப்ரலில் கீழே கொண்டு போங்கள். மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் மூன்று டப்பா விட்டுவந்தேன். ஒன்று பூஜை அலமாரியில், ஒன்று சமையலறையில், ஒன்று தங்கையின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில். அந்தப் பெட்டிக்குள் மதியம் தெர்மாமீட்டர் 51 காட்டியது. எந்த லிப் பாமும் அதில் கெட்டியாக நிற்காது, என்னுடையதும் உருகியது. ஆனால் மூடி இறுக்கமாக இருந்ததால் கசியவில்லை, சாயங்காலம் மறுபடி உறைந்தபோது ரவை தட்டவில்லை. டப்பாவின் மூடியும் சோதனையில் சேர்த்தி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்கு முன் வாங்கிய திருகில்லாத மூடிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டேன்.

9. தோலில்

முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, தடிப்பு, சிவப்பு எதுவும் இல்லையென்றால்தான் உதட்டுக்கு. முதலில் நீங்கள், அப்புறம் வீட்டில் ஒருவர், அப்புறம் நண்பர்கள். எல்லாம் இயற்கைதானே என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். தேன்மெழுகில் ஒட்டியிருக்கும் தேனீப் பிசின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, விளக்கெண்ணெயாலேயே உதடு வெடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கொடுக்கும்போதே என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள், பாதாம் ஒவ்வாமை இருக்கிறதா என்று வாயைத் திறந்து கேளுங்கள். வைட்டமின் ஈ சோயாவிலிருந்து எடுத்ததா என்பதையும் பாட்டிலில் பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். டப்பாவைத் திறந்து எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எங்கள் தோட்டத்து அக்காமார் ஒருவரின் டப்பாவில் பாதி காலியாகியிருந்ததைப் பார்த்த அன்றுதான் 20 சதவீத மெழுகு சரி என்று முடிவு செய்தேன்.

10. லேப்

வீட்டுக்கு மட்டும் செய்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். விற்கப் போகிறவர்களுக்கு இது கட்டாயம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். என்.ஏ.பி.எல். (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேப் கோவையில் இருக்கிறது. அழகுப் பொருள் சோதனைக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், உணவுக்கு மட்டும் வாங்கியிருக்கும் லேப்களும் உண்டு.

கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஐ.எஸ். 14648 என்ற இந்தியத் தர நிர்ணய முறைப்படி நுண்ணுயிர்ச் சோதனை. இரண்டாவது உலோகங்கள். நிறமிகளில் ஈயம் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு), ஆர்சனிக் 2 பி.பி.எம். தாண்டக் கூடாது என்பது விதி. வேம்பாளம் பட்டை மாதிரி மண்ணிலிருந்து வருகிற பட்டை, வேர் சேர்த்தால் இந்தச் சோதனையை விடவே கூடாது. எனக்கு நுண்ணுயிருக்கு 2,800 ரூபாய், உலோகத்துக்கு 3,500 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 7,434 ரூபாய் ஆனது. 12 டப்பா கேட்டார்கள், அறிக்கை வர ஒன்பது வேலைநாள். மூடி திறக்காத டப்பாவைக் கொடுங்கள், பேட்ச் எண் அறிக்கையில் வருகிற மாதிரி எழுதிக் கொடுங்கள். எண் இல்லாத அறிக்கை பின்னால் எதற்கும் உதவாது.

11. விற்பதென்றால் எந்தக் காகிதம்

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டில் செய்து வீட்டில் பூசிக்கொள்ள எந்த உரிமமும் வேண்டாம். விற்பனைக்கென்று செய்ய ஆரம்பித்தால், சந்தையில் ஒரு மேஜை போட்டாலும் சரி, வாட்ஸ்அப்பில் விற்றாலும் சரி, 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். கொடுப்பது மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறை. விண்ணப்பப் படிவம் சி.ஓ.எஸ். 5, உரிமம் சி.ஓ.எஸ். 8. "கையால் செய்தது", "ஹெர்பல்" என்று எழுதினால் விலக்கு உண்டு என்பது பொய்.

உணவுப் பாதுகாப்பு உரிமம் இருந்தால் போதும் என்று எனக்கு ஒருவர் சொன்னார். அது உணவுக்கு. சிறு தொழில்களுக்கான உதயம் (Udyam) பதிவும் உரிமம் ஆகாது. தவிர, உதயம் பதிவு ஆதார் வைத்து ஆன்லைனில் நாமே இலவசமாகச் செய்யலாம். என்னிடம் ஒரு முகவர் அதற்கு 4,000 ரூபாய் வாங்கினார், நீங்கள் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

உரிமத்துக்கு இடத்தின் வரைபடம், சொந்த இடமென்றால் பத்திரம், இல்லையென்றால் வாடகை ஒப்பந்தம், கருவிப் பட்டியல், பொருட்களின் பட்டியல், வேதியியல் அல்லது பார்மசி படித்த ஒருவரின் சான்றிதழ்களும் ஒப்புதல் கடிதமும் தயார் செய்யுங்கள். உதட்டுப் பொருட்களுக்கு 15 சதுர மீட்டர் இடம் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுச் சமையலறையை அப்படியே காட்ட முடியாது. இவ்வளவு இடம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி, ஏற்கனவே உரிமம் உள்ள தொழிற்கூடத்தின் வசதியைப் பயன்படுத்திக் கடன் உரிமம் வாங்குவது. படிவம் சி.ஓ.எஸ். 6, உரிமம் சி.ஓ.எஸ். 9. நான் இப்போது இந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறேன். அது கைக்கு வரும் வரை ஒரு டப்பாவும் விற்பதில்லை. முதல் வருடம் கோவைக் கடைக்குக் கொடுத்தது இந்த விதிகள் தெரியாமல் செய்த தவறு.

நிறம் சேர்க்கிறவர்கள் விண்ணப்பிக்கும் முன்னாலேயே ஐ.எஸ். 4707 முதல் பாகத்தில் உள்ள நிறமிப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். நிறம் இல்லாமல் தொடங்குவது எளிது.

லேபிளில் பொருளின் பெயர், தயாரிப்பாளர் பெயர், முகவரி, 'பி' (B) எழுத்தை அடுத்து பேட்ச் எண், 'எம்' (M) எழுத்தை அடுத்து உரிம எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது இருக்க வேண்டும். 30 கிராமுக்குக் குறைந்த டப்பாவில் பொருட்களின் பட்டியல் கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள், பாதாம் ஒவ்வாமை உள்ளவருக்கு அதுதான் தேவை. உதட்டு வெடிப்பைக் குணமாக்கும், புண்ணை ஆற்றும் என்று எழுதாதீர்கள். அப்படி எழுதிவிட்டால் அது அழகுப் பொருள் என்ற கணக்கைத் தாண்டி மருந்து என்ற கணக்குக்குப் போய்விடும், அதற்கு வேறு உரிமம். "உதட்டை வறளாமல் வைக்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

12. தவறிப்போன பேட்சை என்ன செய்வது

ரவை தட்டியதோ, கெட்டியாகவோ இளகலாகவோ போனதோ என்றால் ஒரு முறை மறுபடி உருக்கிச் சரிசெய்யலாம், புது பேட்ச் எண் கொடுத்து. இரண்டாவது முறை உருக்க வேண்டாம், எண்ணெய் சீக்கிரம் கெடும். லேசாகச் சிக்கு வாடை வந்ததை உதட்டுக்கோ தோலுக்கோ கொடுக்காதீர்கள். அரிவாள் கைப்பிடிக்கும் மழைக்கால ஷூவுக்கும் பூச நன்றாக இருக்கும். பூஞ்சணம் ஒரு புள்ளி தெரிந்தாலும் மேலாகச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று நினைக்காமல் அந்தப் பேட்ச் முழுவதையும் கொட்டிவிட்டு, டப்பாக்களைச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள்.